டாக்கா நண்பனுக்கு

ஈரோடு,
27.1.2026

அன்புள்ள செல்வராஜ்,

நாங்கள் நலம். நீயும் தங்கச்சியும் நலம்தானே? சரோஜாவின் முழங்கால் முன்பைவிடப் பரவாயில்லை. எனக்குச் சர்க்கரை ஏறுவதும் இறங்குவதுமாக இருக்கிறது. தீபாவளிக்கு நீ அனுப்பிய கடிதத்துக்கு இன்னும் பதில் போடவில்லை என்று கோபமாக இருப்பாய். இருக்கட்டும். வார்டனுக்கு நீ எழுதிக்கொடுத்த மன்னிப்புக் கடிதத்தைவிட இது நேர்மையானது என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு படி.

இரண்டு மாதம் டோக்கியோவில் வித்யா வீட்டில் இருந்துவிட்டுப் பொங்கலுக்கு முந்தின வாரம்தான் திரும்பினோம். அங்கே போய் இறங்கிய சில நாட்களுக்குள், நவம்பரில் ஐ.நா. வெளியிட்ட நகரங்களின் பட்டியலை நீ அனுப்பிவைத்தாய். ஏறக்குறைய 4.2 கோடிப் பேருடன் ஜகார்த்தா முதலிடம், 3.7 கோடியுடன் உன் டாக்கா இரண்டாமிடம், நெடுங்காலம் முதலிடத்திலேயே அமர்ந்திருந்த டோக்கியோ 3.3 கோடியுடன் மூன்றாமிடம். அதன் கீழே, 'உன் மகள் ஊர் தோற்றுவிட்டது' என்று உன் கைவண்ணத்தில் ஒரு வரி. இருபத்திரண்டு வருடமாக டாக்காவின் நெரிசலைத் திட்டித் தீர்த்தவன், பட்டியலில் இடம் கிடைத்தவுடன் அந்த ஊரைப் பெற்று வளர்த்தவனைப்போல மார்தட்டுவதைக் கண்டு சரோஜாகூடச் சிரித்துவிட்டாள்.

அதற்குச் சூடாக ஒரு பதில் எழுத நினைத்திருந்தேன். அதற்குள் நான் தொலைந்துபோனேன்.

சிரிக்காமல் கேள். ஷின்ஜுகு என்று ஒரு ரயில் நிலையம். கொரோனாவுக்கு முன்பு நாளொன்றுக்குச் சுமார் 35 லட்சம் பேர் புழங்கிய இடம். நம் ஈரோடு மாவட்டத்தின் மொத்த மக்கள்தொகையே 2011 கணக்கெடுப்பில் 22½ லட்சம்தான். 'தெற்கு வாசலில் நில்லுங்கள் மாமா, அலுவலகம் முடிந்ததும் வந்துவிடுகிறேன்' என்று மாப்பிள்ளை சொல்லியிருந்தார். அந்த நிலையத்துக்கு இருநூற்றுக்கு மேல் வாசல்கள் உண்டென்பதும், தெற்கு வாசல், தென்கிழக்கு வாசல், புதிய தெற்கு வாசல் என்று தெற்கிலேயே பல இருப்பதும் எனக்குத் தெரியாது. நான் ஏதோ ஒரு தெற்கில் போய் நின்றேன். அரை மணி நேரம் கழித்து, இது அந்தத் தெற்கு இல்லையோ என்று சந்தேகம் வந்து நடக்க ஆரம்பித்தேன். அதுதான் நான் செய்த பிழை. கைப்பேசியில் சார்ஜ் தீர்ந்திருந்தது.

நிலத்தடியில் நடக்கிறேன். வெயில் இல்லை, நிழல் இல்லை, வானம் இல்லை. எங்கே கொண்டுபோய் விட்டாலும் கிழக்கு எது, மேற்கு எது என்று சொல்லிவிடுவேன் என நான் பீற்றிக்கொண்டதெல்லாம் அங்கே செல்லுபடியாகவில்லை. தரையில் பார்வையற்றவர்களுக்காகப் பதித்த மஞ்சள் ஓடுகள், சிறு சிறு புடைப்புகளுடன் நீண்டுகொண்டே போகும். அதைப் பிடித்துக்கொண்டு போனால் எப்படியும் வெளியே விட்டுவிடும் என்று எண்ணி, செருப்புக்கடியில் அந்த மேட்டை உணர்ந்தபடியே நடந்தேன். ஓரிடத்தில் அது மூன்றாகப் பிரிந்தது. நான் அப்படியே நின்றுவிட்டேன். என்னைச் சுற்றி ஆயிரக்கணக்கானவர்கள் போய்க்கொண்டிருந்தார்கள். ஒருவரும் என்மேல் இடிக்கவில்லை, ஒருவரும் என்னைத் திட்டவில்லை, ஆற்று நடுவில் கிடக்கும் கல்லைச் சுற்றித் தண்ணீர் போவதுபோல விலகி விலகிப் போனார்கள். அறுபத்துமூன்று வயதில் எனக்கு அழுகை முட்டியது என்று உன்னிடம் மட்டும் சொல்கிறேன். கம்பளி மணியிடம் சொல்லிவிடாதே.

கடைசியில் பயணச்சீட்டுக் கதவருகே இருந்த ஊழியர் ஒருவர், மொழி புரியாவிட்டாலும் என் முகத்தைப் பார்த்தே விஷயம் புரிந்து, ஒரு தாளில் வரைபடத்தை எடுத்து, நான் நிற்கும் இடத்தையும் போக வேண்டிய இடத்தையும் சிவப்புப் பேனாவால் வட்டமிட்டு, பாதி தூரம் கூடவே வந்து விட்டுவிட்டுப் போனார். மாப்பிள்ளை ஒன்றரை மணி நேரமாக நின்றுகொண்டிருந்தார், பாவம். 'மனிதர்கள் ஈவிரக்கமற்ற ஊர்' என்று நான் எழுதப்போவதாக நீ நினைத்திருந்தால் ஏமாந்தாய்.

அன்றிரவு தூக்கம் வராமல் 2012-இல் உன் டாக்காவின் குலிஸ்தானில் நான் காணாமற்போனதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். அங்கே வழி கேட்ட மறு நிமிடமே பன்னிரண்டு பேர் கூடி, பதினான்கு வழி சொல்லி, அவர்களுக்குள் சண்டையும் போட்டுக்கொண்டார்கள். என்னை ஒரு தேநீர்க் கடையில் உட்கார வைத்துவிட்டு, இந்தியாவில் எந்த ஊர், எத்தனை பிள்ளைகள் என்றெல்லாம் விசாரித்தார்களே தவிர, நான் போக வேண்டிய இடத்துக்கு யாரும் கொண்டுபோய் விடவில்லை. ரிக்‌ஷாக்காரரை ஊரே 'மாமா' என்று கூப்பிடுவதைக் கேட்டு, இங்கே எனக்கு இத்தனை மைத்துனர்களா என்று திகைத்ததும், பிறகு நீ வந்து அந்த மாமாவிடம் வங்காளத்தில் பேரம் பேசியதும் நினைவிருக்கிறதா? அங்கே நான் தொலைந்தேன், ஆனால் பயப்பட நேரமில்லை. டோக்கியோவில் ஊர் ஒழுங்காகத்தான் இருந்தது; அந்த ஒழுங்கைப் படிக்கத் தெரியாதவன் நான் ஒருவன்தான் என்ற எண்ணமே என்னைப் பயமுறுத்தியது. பெருநகரம் மனிதனை விழுங்கும் என்பார்கள். டாக்கா மென்று விழுங்குகிறது, டோக்கியோ மாத்திரையைப்போல விழுங்குகிறது. எது மேல் என்று இரண்டிலும் இருந்து பார்த்த பின்னும் என்னால் சொல்ல முடியவில்லை.

மறு வாரமே, இந்த ஊர் எவ்வளவு பெரிது என்று பார்த்தே தீர்வது என்ற வீம்பு பிறந்தது. முதலில் ஷின்ஜுகுவிலேயே இருக்கும் மாநகர அரசுக் கட்டடத்தின் 45-ஆவது மாடிக்குப் போனேன். 202 மீட்டர் உயரம், கட்டணம் கிடையாது. குளிர்காலக் காலை, வானம் துடைத்துவிட்டாற்போல இருந்தது. மேற்கே ஃபூஜி மலை தெரிந்தது, அதன் அடிவாரம்வரை கூரைகள். ஆனால் பயமே வரவில்லை. உயரத்திலிருந்து பார்க்கும்போது எந்த ஊரும் கொலுப்பொம்மைதான்.

பிறகுதான் ரயிலில் போய் ஊர் எல்லையைத் தேடுவதென்று முடிவெடுத்தேன். நம் பக்கம் ஊர் முடிகிற இடத்தில் ஒரு கருப்பராயனோ முனியப்பனோ அருவாளுடன் உட்கார்ந்திருப்பார். அவரைத் தாண்டினால் காற்றின் வாசமே மாறும். ஷின்ஜுகுவில் சூவோ வழித்தட ரயில் ஏறித் தகாவோவரை 43 கி.மீ. போனேன். அதில் ஏறக்குறைய 25 கி.மீ. தண்டவாளம் அளவுகோல் வைத்துக் கோடு கிழித்ததுபோல நேராகப் போகிறது. மொத்தப் பயணம் ஈரோட்டில் ஏறித் திருப்பூரை நெருங்குகிற தூரம். நம் வண்டி ஈங்கூர், விஜயமங்கலம், ஊத்துக்குளி என்று போகையில் நடுவே எத்தனை பனைமரம், எத்தனை சோளக்காடு! அங்கே ஜன்னலோரத்தில் வீடு, வீடு, பள்ளி மைதானம், வீடு, மாடியில் காயும் போர்வை, மறுபடியும் வீடு. நான் பத்து எண்ணுவதற்குள் ஒரு வெற்றிடம் வருகிறதா என்று எண்ணிக்கொண்டே வந்தேன். ஆறு குறுக்கிட்ட இடத்தைத் தவிர வரவில்லை. கடைசியில் மலை வந்து மறித்த பிறகே ஊர் நின்றது. நகரம் தானாக முடியவில்லை செல்வராஜ், மலை முடித்துவைத்தது. அப்போதுதான் வயிற்றுக்குள் ஏதோ பிசைந்தது.

டாக்காவின் எல்லையை நீயே காட்டினாய். ஆமின்பஜார் தாண்டி சாவர் போகும் சாலையில் சாமிக்குப் பதிலாகச் செங்கல் சூளைகளின் புகைபோக்கிகள் வரிசையாக நின்றன. இருபுறமும் வானத்தளவு தண்ணீர். தண்ணீருக்கு நடுவே குழாய் வழியாக மணலைக் கொட்டி மேடாக்கிக்கொண்டிருந்தார்கள். 'அடுத்த முறை நீ வரும்போது இந்தத் தண்ணீர் இருக்காது' என்றாய். இருக்கிறதா? நீ எழுதவே இல்லை.

உன் பட்டியலின் சூட்சுமத்தை மாப்பிள்ளை பிறகு விளக்கினார். முன்பெல்லாம் அந்தந்த நாடு எதை நகரம் என்று சொல்கிறதோ அதையே ஐ.நா. எழுதிக்கொள்ளுமாம். இப்போது பூமியை ஒரு சதுர கி.மீ. கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் குறைந்தது 1,500 பேர் இருந்து, அப்படிப்பட்ட கட்டங்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு மொத்தம் 50,000 பேரைத் தாண்டினால் அது நகரம் என்கிறார்கள். 2018 பட்டியலில் ஒரு கோடிச் சொச்சமாக இருந்த ஜகார்த்தா, இப்போது போகோர், பெகாசி, தாங்கெராங் எல்லாவற்றையும் சேர்த்துக்கொண்டு ஒரே தாவலில் 4.2 கோடி ஆன இரகசியம் அதுதான். ஆக, நான் ரயில் ஜன்னலில் பத்து எண்ணிப் பார்த்ததைத்தான் அவர்கள் கட்டம் போட்டு எண்ணியிருக்கிறார்கள். மாநகராட்சி எழுதிவைத்த எல்லைக்கல்லைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, எங்கே மனிதர் அற்றுப்போகிறார்களோ அதுவே எல்லை என்கிறார்கள். இதில் எனக்கு மறுப்பில்லை. 2050 வாக்கில் டாக்காவே முதலிடத்துக்கு வருமென்றும் அதே அறிக்கை சொல்கிறது; இப்போதே மார்தட்டிக் கையை நோகவைத்துக்கொள்ளாதே.

இனி விளையாட்டை விட்டுவிட்டு விஷயத்துக்கு வருகிறேன். இதற்காகத்தான் இந்தக் கடிதமே. வித்யா அங்கே வீடு வாங்கப் போகிறாள்.

அவர்கள் இருப்பது எதோகாவா வார்டில் (நம் ஊர் வார்டைப்போலச் சிறிதல்ல, தனி நகராட்சி மாதிரி), நிஷிகாசாய். இந்தியர்கள் நிறைய இருக்கும் பகுதி. கணினித் துறைக்காக 2000-ஆம் ஆண்டையொட்டி வரத் தொடங்கியவர்கள். தெருவில் தமிழ் காதில் விழுகிறது, துவரம்பருப்பு கிடைக்கிறது. அடுக்குமாடி வீட்டை அங்கே 'மான்ஷன்' என்கிறார்கள். 'மான்ஷனில் மூன்றாவது மாடி பார்த்திருக்கிறோம் அப்பா' என்று அவள் சொன்னபோது, திருவல்லிக்கேணியில் நாமிருவரும் ஒரே கட்டிலில் முறை வைத்துத் தூங்கிய மேன்ஷன்தான் எனக்கு நினைவுக்கு வந்தது.

அந்த வீட்டைப் பார்த்துவிட்டு ஆராகாவா ஆற்றின் கரைமேல் ஏறினேன். 1910 வெள்ளத்துக்குப் பிறகு மனிதர்கள் வெட்டிய ஆறு அது. கரையின் ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் வீடுகள். தண்ணீர்தான் மேலே இருப்பதாகப் பட்டது. நான் வெயிலில் கண் கூசுகிறதோ என்று இரண்டு முறை பார்த்தேன். உண்மைதானாம். நிலத்தடி நீரை வரைமுறையின்றி உறிஞ்சியதில் தரை தாழ்ந்துபோய், வார்டின் பெரும்பகுதி கடல் மட்டத்துக்குக் கீழே கிடக்கிறது. அவர்கள் உறிஞ்சுவதைத் தடை செய்து தாழ்வதை நிறுத்திவிட்டார்கள். ஜகார்த்தா இன்னும் தாழ்ந்துகொண்டே இருக்கிறது, அதுவும் சேர்ந்துதான் இந்தோனேசியர்கள் தலைநகரையே நுசந்தாரா என்ற புதிய நகரத்துக்கு மாற்றச் சட்டம் போட்டது.

வீடு திரும்பியதும், வார்டு அலுவலகம் 2019-இல் வெளியிட்ட வெள்ள அபாயக் கையேட்டை மாப்பிள்ளை எடுத்துக் காட்டினார். அட்டையிலேயே, வார்டின் படத்தின்மேல், 'இங்கே இருக்கக் கூடாது' என்று அச்சிட்டிருக்கிறார்கள். வெளியே போகச் சொல்லி அம்புக்குறிகள். உள்ளதை மறைக்காமல் சொன்னதற்கு அந்த அலுவலகத்தை மெச்ச வேண்டும்தான். ஆனால் பெற்றவன் வயிறு என்ன செய்யும்? பெரும்புயலில் அந்தத் தாழ்நிலத்தின் ஐந்து வார்டுகளிலிருந்து ஏறக்குறைய 25 லட்சம் பேர் முன்கூட்டியே வெளியேற வேண்டியிருக்கும் என்றும், தண்ணீர் வடிய இரண்டு வாரத்துக்கு மேலும் ஆகலாம் என்றும் அவர்கள் திட்டமே சொல்கிறது. 25 லட்சம் பேர்! அவர்கள் எந்த ரயிலில் ஏறுவார்கள்? வித்யா தினமும் போகும் தோசாய் வழித்தடத்தில் 2019-இல் காலை நேர நெரிசல் வண்டியின் கொள்ளளவில் 199 விழுக்காடு. 200 என்றால் உடல்கள் நசுங்கும், ஆனால் ஒரு வார இதழை எப்படியாவது படித்துவிடலாம் என்று அரசாங்கமே இலக்கணம் எழுதிவைத்திருந்தது. சாதாரணத் திங்கட்கிழமையிலேயே அந்த நிலை. நான் தகாவோவரை தேடியும் கிடைக்காத எல்லையைத் தாண்டி, கைக்குழந்தையுடன் இவள் எங்கே போவாள்?

'எல்லோரும் இருக்கிறார்களே அப்பா' என்கிறாள். ஆற்றங்கரையைப் பலப்படுத்துகிறார்கள், கசுகாபே பக்கம் பூமிக்கடியில் 6.3 கி.மீ. நீளத்துக்குச் சுரங்க வாய்க்கால் வெட்டி வெள்ளத்தை எதோகாவா ஆற்றில் இறைத்துவிடுகிறார்கள் என்று படம் படமாகக் காட்டினாள். பார்த்தேன். கோயில் மண்டபத்தைப்போலப் பதினெட்டு மீட்டர் உயரத் தூண்கள், மொத்தம் 59. கட்டியவர்களைக் கும்பிடலாம். ஆனால் அது காப்பது பெரும்பாலும் வடக்கே உள்ள சிற்றாறுகளின் கரைகளை. ஆராகாவா உடைந்தால் அது என்ன செய்யும் என்று கேட்டேன், பேச்சை மாற்றிவிட்டாள்.

நீ டாக்காவுக்குப் போன புதிதில், 2004 வெள்ளத்தின்போது, படகில் போய் ஷிப்மென்ட் பார்த்ததாக எழுதியிருந்தாய். அந்தக் கடிதத்தை நேற்று தேடி எடுத்துப் படித்தேன். நான்கு பக்கம் எழுதியவன், பயந்ததாக ஒரு வரிகூட எழுதவில்லை. அப்போது நீ என்னை ஏமாற்றினாயா, அல்லது அவ்வளவு பெரிய கூட்டத்துக்குள் இருப்பவனுக்குப் பயம் தெரியாதா? எனக்கு உண்மை வேண்டும். வித்யா உன் பேச்சைக் கேட்பாள். நீ வேண்டாமென்றால் யோசிப்பாள், பரவாயில்லை என்றால் நானும் வாயை மூடிக்கொள்கிறேன். பிப்ரவரி 20-ஆம் தேதி முன்பணம் கட்ட வேண்டுமாம். அதற்குள் எழுது, அல்லது கூப்பிடு.

சரோஜா தங்கச்சியை விசாரித்ததாகச் சொல்லச் சொன்னாள். உத்தராவிலிருந்து மெட்ரோவில் மோதிஜீலுக்கு இப்போது எவ்வளவு நேரம் ஆகிறது என்பதையும் எழுது. 2012-இல் மூன்று மணி நேரம் உன் காரில் உட்கார்ந்து நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

அன்புடன்,
சிவசாமி