நடைப்பயணத்தில் உங்கள் பிள்ளைக்கு எந்தப் பாதை?

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். அடுத்த மாதம் 6 முதல் 9-ஆம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகளை இயற்கைக் காப்பகத்துக்கு நடைப்பயணம் அழைத்துப் போகிறோம். காப்பகத்தின் பயிற்சி பெற்ற வழிகாட்டிகள் ஒவ்வொரு குழுவோடும் வருவார்கள். எளிது, நடுத்தரம், கடினம் என்று மூன்று பாதைகள் இருக்கின்றன. எதில் அனுப்ப விரும்புகிறீர்கள் என்று கேட்கும் படிவம் இத்துடன் இருக்கிறது. அதை நிரப்புவதற்கு முன் இந்தக் கடிதத்தைப் பொறுமையாகப் படித்துவிடுங்கள்.

இந்த மூன்று பாதைகளும் முதல் ரேங்க், இரண்டாம் ரேங்க், மூன்றாம் ரேங்க் அல்ல. கடினமான பாதையில் நடந்த பிள்ளைக்குப் பாராட்டுச் சான்றிதழ் கிடையாது. எளிய பாதையில் நடந்த பிள்ளையை யாரும் குறைவாகப் பேச விடவும் மாட்டோம். "கடினத்தில் போடுங்கள், அவனால் முடியும்" என்று எழுதுவதற்கு முன் அவனிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். தன்னால் முடியாத பாதையில் மாட்டிக்கொண்ட பிள்ளை அன்று காட்டைப் பார்ப்பதில்லை. முன்னால் போகிறவரின் குதிகாலைப் பார்த்துக்கொண்டே நடக்கிறது. அப்புறம் நடப்பதென்றாலே அதற்கு வெறுப்பு வந்துவிடுகிறது. இதுதான் எனக்குப் பெரிய கவலை.

பாதை கடினமா இல்லையா என்று தெரிந்துகொள்ள எல்லோரும் முதலில் கேட்பது தூரத்தைத்தான். தூரம் ஒரு பகுதிதான். எவ்வளவு ஏற்றம், காலடியில் மண்ணா உருளும் கல்லா, முடியவில்லை என்றால் பாதியில் திரும்ப வழி உண்டா என்பதெல்லாம் சேர்ந்துதான் ஒரு பாதையைக் கடினமாக்குகிறது. சுவிட்சர்லாந்தின் ஆல்பைன் சங்கம் மலைப்பாதைகளை டி1 முதல் டி6 வரை ஆறு படிகளாகப் பிரித்திருக்கிறது. பாதை தெளிவாகத் தெரிகிறதா, தரை எப்படிப்பட்டது, விழும் ஆபத்து எவ்வளவு, கையையும் ஊன்ற வேண்டியிருக்குமா என்பதை வைத்துத்தான் அங்கே படியைச் சொல்கிறார்கள். பாதைகளைத் தேர்ந்தெடுக்கும்போது நாங்களும் இதைத்தான் முதலில் பார்த்தோம்.

நேரக் கணக்குக்கு ஒரு பழைய விதி உண்டு. 1892-ல் ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் சொன்னது. இன்றைய அளவில், சுமார் 5 கிலோமீட்டர் தூரத்துக்கு ஒரு மணி நேரம். அதோடு ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் இன்னொரு மணி நேரம். எங்கள் கடினமான பாதை 10 கிலோமீட்டர், ஏற்றம் 600 மீட்டர். விதிப்படி 3 மணி நேரம் ஆகும். ஆனால் அது நிற்காமல் நடக்கும் திடமான பெரியவர்களுக்கான கணக்கு. பிள்ளைகள் நிற்பார்கள், குனிந்து பூச்சியைப் பார்ப்பார்கள், ஷூ கயிறு கட்டுவார்கள். அப்படி நிற்கத்தானே அழைத்துப் போகிறோம்! அதனால் 6 மணி நேரம் ஒதுக்கியிருக்கிறோம். நடுத்தரப் பாதை 6 கிலோமீட்டர், ஏற்றம் 300 மீட்டர். அதற்கு 4 மணி நேரம்.

எளிய பாதை 3 கிலோமீட்டர். ஏரிக்கரையை ஒட்டி ஏற்றமே இல்லாமல் போகிறது. ஈரமான இடங்களில் பலகை போட்டிருப்பதால் சக்கர நாற்காலியும் முழுத் தூரம் போகும். பறவைகளை நன்றாகப் பார்க்க வேண்டும் என்றால் நான் இதைத்தான் சொல்வேன். ஏறும்போது கண் காலடியிலேயே இருக்கும். இங்கே நின்று நிதானமாகப் பார்க்கலாம்.

வீட்டில் ஒரு சின்னச் சோதனை செய்து பாருங்கள். தண்ணீர் வைத்த பையை மாட்டிக்கொண்டு உங்கள் பிள்ளை அரை மணி நேரம் மேடான தெருவிலோ படிக்கட்டிலோ ஏறி இறங்கட்டும். ஏறும்போதே முழு வாக்கியமாகப் பேச முடிந்தால் நடுத்தரம் சரியாக இருக்கும். ஒவ்வொரு வார்த்தைக்கும் மூச்சு வாங்கினால் எளிய பாதை. முன்பே நீண்ட தூரம் நடந்து பழகிய, தானாகவே ஆசைப்படும் பிள்ளைக்கு மட்டும் கடினத்தை எழுதுங்கள். இறங்குவது சுலபம் என்று நினைத்துவிடாதீர்கள். இறங்கும்போது தொடைத் தசை நீண்டுகொண்டே உடம்பின் எடையைத் தாங்கிப் பிடிக்கிறது. அந்த வலி அன்றைக்குத் தெரியாது, அடுத்த ஓரிரு நாளில்தான் வரும்.

குழுவுக்குப் பன்னிரண்டு பிள்ளைகள். முன்னால் வழிகாட்டி, கடைசியில் ஓர் ஆசிரியர், நடுவில் இன்னொருவர். மெதுவாக நடக்கும் பிள்ளை எப்போதும் முன்பகுதியில்தான் நடக்கும், முழுக் குழுவும் அதன் வேகத்தில்தான் போகும். வேகமாக நடப்பவர்களை முன்னால் விட்டால் அவர்கள் போய் உட்கார்ந்து ஓய்வெடுப்பார்கள். பின்தங்கியவர்கள் வந்து சேர்ந்ததும் எழுந்து கிளம்பிவிடுவார்கள். ஓய்வு யாருக்கு அதிகம் தேவையோ அவருக்கு அது கிடைக்காமலே போகும். "எங்களை வேகமாகப் போக விடவில்லை" என்று உங்கள் பிள்ளை வந்து குறை சொன்னால், தயவுசெய்து எங்கள் பக்கம் நில்லுங்கள்.

பாதை பிரியும் ஒவ்வோர் இடத்திலும் தலை எண்ணுவோம். ஒவ்வொருவர் கழுத்திலும் விசில் இருக்கும். வழி தவறினால் நடக்காதே, ஒரு மரத்தருகே நின்றுவிடு, மூன்று முறை ஊது என்று வகுப்பில் பழக்கியிருக்கிறோம். கலிபோர்னியாவில் 1981-ல் ஒரு சிறுவன் மலையில் வழி தவறி இறந்துபோனான். அதன் பிறகு, மரத்தைக் கட்டிக்கொண்டு அங்கேயே இரு என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் ஒரு திட்டம் அங்கே தொடங்கியது. அலைந்துகொண்டே இருக்கும் பிள்ளையைவிட ஓரிடத்தில் நிற்கும் பிள்ளையைக் கண்டுபிடிப்பது எளிது. வீட்டிலும் இதை ஒருமுறை சொல்லிவையுங்கள்.

புது ஷூ வேண்டவே வேண்டாம், கொப்புளம் வரும். பழகிய ஷூ, கூடவே ஒரு ஜோடி மாற்றுச் சாக்ஸ். கால் நகங்களை முந்தின நாளே வெட்டிவிடுங்கள், இறங்கும்போது விரல் ஷூவின் முனையில் இடிக்கும். பருத்திச் சட்டை நனைந்தால் லேசில் காயாது, சீக்கிரம் காயும் துணியாகப் போட்டு அனுப்புங்கள். பெரியவர்களைவிடப் பிள்ளைகளின் உடம்பு சீக்கிரம் சூடாகும், சீக்கிரம் குளிரவும் செய்யும். அதனால் மெல்லிய மேலாடை ஒன்று அவசியம். தண்ணீர், மணிக்கு அரை லிட்டர் என்ற கணக்கில். வழியில் இரண்டு இடங்களில் நிரப்பிக்கொள்ளலாம், எல்லாவற்றையும் காலையிலேயே சுமக்க வேண்டாம். போன் வேண்டாம், ஆசிரியர்களிடம் இருக்கும்.

காட்டுக்குள் எதையும் பறிக்கக் கூடாது, விலங்குகளுக்கு எதையும் போடக் கூடாது. சேற்றைக் கண்டால் சுற்றிப் போகாமல் அதிலேயே மிதித்து நடக்கச் சொல்வோம். ஆளுக்கு ஆள் ஒதுங்கி நடந்தால் பாதை அகலமாகி, ஓரத்துச் செடிகள் மிதிபட்டுச் செத்துப்போகும். ஆகவே ஷூ சேறாகி வந்தால் பிள்ளையைத் திட்டாதீர்கள்.

மின்னலுக்கும் இடிக்கும் நடுவே 30 நொடிக்கும் குறைவாக இருந்தால் அந்த மின்னல் ஏறத்தாழ 10 கிலோமீட்டருக்குள் இருக்கிறது. உடனே பாதுகாப்பான கட்டடத்துக்கு வந்துவிடுவோம், கடைசி இடி கேட்டு 30 நிமிடம் ஆகும்வரை வெளியே வர மாட்டோம். வானிலை மோசமாக இருக்கும் என்று தெரிந்தால் பயணத்தையே தள்ளி வைப்போம். பாதியில் திரும்புவதா என்பதை வழிகாட்டிதான் முடிவு செய்வார். அவர் சொன்னால் நானே கூட இருந்தாலும் திரும்ப வேண்டியதுதான்.

படிவத்தின் இரண்டாம் பக்கத்தில் உடல்நலக் கேள்விகள் இருக்கின்றன. ஆஸ்துமா, தேனீக் கொட்டுக்கு ஒவ்வாமை, வலிப்பு, அண்மையில் நடந்த அறுவை சிகிச்சை எதையும் மறைக்காதீர்கள். பிள்ளையை விட்டுவிடுவோமோ என்ற பயம் வேண்டாம். தெரிந்தால்தான் மருந்தைக் கையில் வைத்துக்கொண்டு அழைத்துப் போக முடியும். இன்ஹேலர் பிள்ளையின் பையில் ஒன்று, ஆசிரியரிடம் ஒன்று இருக்கட்டும்.

படிவத்தை வருகிற வெள்ளிக்கிழமைக்குள் வகுப்பாசிரியரிடம் கொடுத்துவிடுங்கள். எந்தப் பாதை என்று முடிவு செய்ய முடியவில்லை என்றால் அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டு, பள்ளி முடிந்ததும் என்னை வந்து பாருங்கள். பிள்ளையையும் அழைத்து வாருங்கள், மூவருமாகப் பேசி முடிவு செய்வோம்.

அன்புடன்,
தலைமையாசிரியர்