காற்று நின்றுபோன ஊரிலிருந்து அப்பாவுக்கு

சால்ட் லேக் சிட்டி, அமெரிக்கா,
ஜனவரி 4

அன்புள்ள அப்பாவுக்கு,

நானும் அவரும் பாப்பாவும் நலம். அம்மா, தம்பி, மாடு கன்று எல்லாம் சுகம்தானே? இதைத் தம்பி ஃபோனுக்குத்தான் அனுப்புகிறேன். பெரிய எழுத்தில் பிரிண்ட் போட்டுத் தரச் சொல்லுங்கள்.

போன வாரம் பேசும்போது, "புகை என்று பேத்தியைப் பள்ளிக்கூடத்தில் வெளியே விளையாட விடவில்லையாமே, பக்கத்தில் ஏதாவது ஃபேக்டரியா?" என்று கேட்டீர்கள். பதில் சொல்வதற்குள் லைன் அறுந்துவிட்டது. ஃபேக்டரி இருக்கிறது, ஊருக்கு வடக்கே எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைகளும் இருக்கின்றன. ஆனால் அக்டோபரிலும் அவை இருந்தன, கார்களும் இதே மாதிரிதான் ஓடின. அப்போது மலையின் ஒவ்வொரு மடிப்பும் தெரிந்தது. இப்போது மலை இருக்கும் திசையே தெரியவில்லை. மாறியது காற்றுதான்.

நம்மூர் மாதிரி கண்ணுக்கு எட்டியவரை சமதரை இல்லை இது. கிழக்கே வாசாட்ச் மலை, மேற்கே ஓக்கர் மலை, நடுவில் ஊர். ஊரே கடல் மட்டத்திலிருந்து கிட்டத்தட்ட 1,300 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மலைகள் அதற்கும் மேல் இன்னொரு 1,500, 2,000 மீட்டர் நிற்கின்றன. குளிர்ந்த காற்று கனமானது, பள்ளத்தைத் தேடி இறங்கும். வரப்பை உயர்த்தி மடையை அடைத்துவிட்ட வயலில் தண்ணீர் நிற்பதுபோல இந்தப் பள்ளத்தாக்கில் அது தேங்கிவிடுகிறது. அதற்கு மேலே வெதுவெதுப்பான காற்று படுத்திருக்கும். மேலே போகப் போகக் குளிர வேண்டியது, இங்கே தலைகீழ். கீழே உள்ள காற்று கனம் என்பதால் எழும்பாது, எழும்பாததால் புகையும் எழும்பாது. கார், அடுப்பு, ஆலை எல்லாம் விடும் புகை தினமும் அந்தத் தேங்கிய காற்றிலேயே சேர்ந்துகொண்டு வரும்.

ரேடியோவில் "காற்றழுத்தத் தாழ்வு நிலை" என்று சொன்னாலே, அதுவும் 2018-இல் கஜா அடித்த பிறகு, நமக்கு வயிற்றைக் கலக்கும். இங்கே நேர்மாறு. குளிர்காலத்தில் உயர் அழுத்தம் வந்து உட்கார்ந்தால்தான் பயம். வானம் தெளிவாக இருக்கும், காற்று அசையாது, மேலிருந்து மெல்ல இறங்கும் காற்று அழுந்தி சூடாகி, அந்த வெதுவெதுப்பை இன்னும் கெட்டிப்படுத்தும். தரையில் பனி கிடந்தால் வெயிலைத் திருப்பி அனுப்பிவிடும், தரை சூடேறாது. இப்படியே ஒரு வாரம்கூட நிற்கும். எப்போது ஒரு தாழ்வு நிலை வரும் என்று ஊரே போனைப் பார்த்துக்கொண்டிருக்கிறது! அது வந்து பலமாகக் காற்றடித்தால்தான் மடை திறக்கும். லேசாகப் பனி தூறினால் போதாது. மழை பெய்தால் எல்லாம் கழுவிவிடும் என்பீர்களே, பெரிய தூசிக்கு அது சரிதான். மிக நுண்ணிய துகளுக்குக் காற்று கலைத்துக்கொண்டு போனால்தான் விமோசனம்.

அந்த நுண்துகளில் பெரும்பங்கு எது தெரியுமா? அம்மோனியம் நைட்ரேட். யாரும் அதைக் கொண்டுவந்து கொட்டவில்லை. வண்டிப் புகையில் இருக்கும் நைட்ரஜன் ஆக்சைடு காற்றிலேயே நைட்ரிக் அமிலமாக மாறி, மாட்டுப் பண்ணையிலிருந்தும் உரத்திலிருந்தும் எழும் அம்மோனியாவோடு சேர்ந்து துகளாகிவிடுகிறது. யூரியா போட்ட வயலிலிருந்து கிளம்பும் அதே அம்மோனியாதான். குளிரும் ஈரமும் இருந்தால் துகளாகவே நிற்கும், சூடு ஏறினால் மறுபடி வாயுவாகிவிடும். அதனால்தான் இது குளிர்காலத்து வியாதி.

இந்த நாட்டில் அந்த நுண்துகள் ஒரு நாள் சராசரியாகக் கனமீட்டருக்கு 35 மைக்ரோகிராமைத் தாண்டினாலே அளவு மீறியதாகக் கணக்கு. நம் நாட்டில் 60 வரை சரி என்று வைத்திருக்கிறார்கள். நுரையீரல் என்னவோ ஒன்றுதான். அளவு ஏறும் நாளில் வீட்டில் விறகு எரிக்கக் கூடாது, மீறினால் அபராதம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பார்க் சிட்டி என்ற மலை ஊருக்குப் போனோம். காரில் அரை மணிதான். ஏறும்போதே சட்டென்று வெயில் வந்துவிட்டது. கீழே நடுங்கிய எங்களுக்கு அங்கே ஸ்வெட்டர் தேவைப்படவில்லை. திரும்பிப் பார்த்தால் பள்ளத்தாக்கு முழுக்கப் பழுப்பாக ஒரு படலம், அதன் மேல் விளிம்பு கோடு கிழித்த மாதிரி நேராக. அதற்குள்ளேதான் நாங்கள் குடியிருக்கிறோம்! பாப்பா மட்டும் திரும்பி வரமாட்டேன் என்று ஒரே அடம்.

1952 டிசம்பரில் லண்டனிலும் இதுதான் நடந்தது. 5-ஆம் தேதியிலிருந்து 9-ஆம் தேதி வரை காற்று நின்றுவிட்டது. நிலக்கரிப் புகை மூடுபனியோடு கலந்து ஊருக்குள்ளேயே கிடந்தது. அப்போது 4,000 பேர் செத்ததாகச் சொன்னார்கள், பிற்பாடு பார்த்தவர்கள் 12,000 வரை போகும் என்கிறார்கள். அந்த வாரத்தில் லண்டனில் புதிதாக ஆலை எதுவும் முளைத்துவிடவில்லை.

கோடையில் இங்கே வேறு தொல்லை. வெயில் ஏற ஏற அதே வண்டிப் புகையிலிருந்து ஓசோன் உண்டாகும். கலிஃபோர்னியாவில் காடு எரிந்தால் மேல்காற்று அந்தப் புகையையும் கொண்டுவந்து சேர்க்கும். பக்கத்து உப்பு ஏரி 2022-இல் வரலாறு காணாத அளவு வற்றியது, காய்ந்த படுகையிலிருந்து தூசியும் எழுகிறது. ஏரிக்கு வரவேண்டிய ஆற்றுத் தண்ணீரில் மேலேயே எடுத்துவிடுவதில் பெரும்பங்கு விவசாயத்துக்குத்தானாம். மேட்டூர் கதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா!

இவ்வளவையும் எழுதியது உங்கள் இரைப்புக்காகத்தான் அப்பா. நமக்கு மலை இல்லை, நாகப்பட்டினம் பக்கமிருந்து கடல்காற்று வரும், ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும். அதனால் டெல்டாவில் புகை நிற்காது என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். மார்கழி, தையில் விடியற்காலை கொல்லையில் நின்று பாருங்கள். அம்மா வெந்நீர் அடுப்பில் தென்னை மட்டை வைத்ததும் புகை நேராக ஏறி, பாதித் தென்னை உயரத்தில் நின்று படுக்கையாகப் பரவும். இரவில் தரை குளிர்ந்து இங்கே மாதிரியே தலைகீழாகிக் கிடப்பதுதான் காரணம். வித்தியாசம் என்னவென்றால், நம்மூரில் வெயில் ஏறி ஒன்பது, பத்து மணியானால் கலைந்துவிடும். நீங்கள் வாசலில் உட்கார்ந்து இருமுவது அதற்கு முந்தைய மூன்று மணி நேரத்தில். போகிக்கு எல்லோரும் கொளுத்துவதும் அதே நேரத்தில்தான். 2018-இல் அந்தப் புகையால் சென்னையில் விமானமே இறங்க முடியாமல் போனது.

அதனால் வெந்நீருக்கு ஹீட்டர் வாங்கத் தம்பியிடம் பணம் அனுப்பியிருக்கிறேன், அம்மா மறுத்தால் நான் சொன்னதாகச் சொல்லுங்கள். சாயங்காலம் மாட்டுக்கொட்டகையில் கொசுவுக்கு மூட்டம் போட்டால் நீங்கள் அங்கே நிற்க வேண்டாம், பொழுது சாய்ந்த பிறகு புகை கீழேயே சுற்றும். போகி அன்று காலை பத்து மணி வரை வீட்டுக்குள் இருங்கள். அப்புறம் அந்த மேட்டு வயல் உளுந்து தெளிக்காமல் சும்மா கிடக்கும் என்பதால், மெஷின் அறுத்துப் போட்ட நெல்தாளைப் போன வருஷம் மாதிரி கொளுத்தத் தோன்றும். வேண்டாம். வைக்கோல் கட்டுகிற மெஷின்காரரிடம் இப்போதே சொல்லி வையுங்கள், தை பிறந்துவிட்டால் அவர் கையில் கிடைக்க மாட்டார்.

தங்கள் அன்பு மகள்