செப்டிக் டேங்க் லாரி எங்கே போகிறது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வரும் நிதியாண்டில் எங்கள் பேரூராட்சி மன்றம் செய்யப்போகும் பணிகள் பற்றிய செய்தியைச் சென்ற வாரம் உங்கள் மாவட்டப் பக்கத்தில் படித்தேன். பேருந்து நிலையத்துக்குத் தோரண வாயில், கடைத்தெருவில் உயர்மின் கோபுர விளக்கு, ஒன்பது தெருக்களுக்குப் பேவர் பிளாக், வாரச்சந்தைக்கு மேற்கூரை, புதிதாக ஒரு மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டி. அத்தனையும் ஏகமனதாக நிறைவேறியதாம். நான் இந்த ஊரில் 31 ஆண்டுகள் தபால் கொடுத்தவன். எந்த வீட்டு நாய் கடிக்கும், எந்த வீட்டுச் சாக்கடை தெருவுக்கு வரும் என்பது பதினைந்து வார்டுகளுக்கும் எனக்கு மனப்பாடம். அந்த உரிமையில் எழுதுகிறேன்.

சந்தைக் கூரைக்கு மனமாரப் பாராட்டு. மழை பிடித்தால் கீரைக்காரப் பெண்கள் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பதை எத்தனை வருடம் பார்ப்பது? தண்ணீர்த் தொட்டியும் வேண்டியதுதான். பேவர் பிளாக் விஷயத்தில் மட்டும் ஒரு சொல். ஒன்பதில் நான்கு தெருக்களில் சிமென்ட் சாலை நன்றாகவே இருக்கிறது. அதைப் பெயர்க்காமல் மேலேயே பரப்பினால் தெரு ஏறும், வீடு இறங்கும். என் வீட்டு வாசலில் மூன்று படிகள் இருந்தன. இப்போது ஒன்று இருக்கிறது. அடுத்த ஒப்பந்தத்தில் அதுவும் போய், மழைத் தண்ணீர் அனுமதி கேட்காமல் கூடத்துக்கு வரும்.

ஆனால் நான் பேனாவை எடுத்தது இதற்காக அல்ல. அந்தப் பட்டியலை இரண்டு முறை படித்தேன். எங்கள் ஊர் வீடுகளில் நிறைந்து வழியும் செப்டிக் டேங்குகளைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை.

எங்கள் ஊருக்குப் பாதாளச் சாக்கடை கிடையாது. இந்த அளவு ஊருக்கு அண்மையில் வரப்போவதும் இல்லை. வீட்டுக்கு வீடு தொட்டிதான். அவற்றிலும் பாதி பெயருக்குத்தான் செப்டிக் டேங்க். அடியில் கான்கிரீட் போடாமல், உறையை இறக்கி மேலே மூடியவை. 'எங்கள் வீட்டுத் தொட்டி இருபது வருடமாக நிறையவே இல்லை' என்று பெருமையாகச் சொல்பவர்களைப் பார்த்திருக்கிறேன். நிறையாத தொட்டி எங்கே காலியாகிறது என்று பத்தடி தள்ளியிருக்கும் பக்கத்து வீட்டுக் கிணற்றைக் கேட்டால் சொல்லும். முறையாகக் கட்டிய தொட்டியை இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒரு முறை காலி செய்ய வேண்டும். நாமோ அது பொங்கி முற்றத்துக்கு வந்த பிறகுதான் லாரிக்காரருக்கு போன் செய்வோம். அதுவும் ஐப்பசி மழையில், ஊரே ஒரே நாளில் செய்யும்.

லாரி வருகிறது, உறிஞ்சுகிறது, பணத்தை வாங்கிக்கொண்டு போகிறது. எங்கே போகிறது? விடியற்காலை நான்கு மணிக்குச் சைக்கிளில் அஞ்சல் பையை எடுக்கப் போன காலத்திலேயே பார்த்திருக்கிறேன். ஊருக்குத் தெற்கே ஓடைப் பாலத்தில் விளக்கை அணைத்துவிட்டு நிற்கும். வால்வைத் திறந்தால் கால் மணி நேர வேலை. அந்த ஓடை ஏரியில் விழுகிறது. ஏரிக்கரைக் கிணற்றிலிருந்துதான் மூன்று வார்டுகளுக்குக் குடிதண்ணீர் ஏற்றுகிறார்கள். புதிதாகக் கட்டப்போகும் தொட்டிக்கும் அங்கிருந்துதான் என்று கேள்விப்படுகிறேன். அந்த லாரிகளில் ஒன்றைக் கூப்பிட்டுப் பணம் கொடுத்தவன் நானும்தான். எங்கே கொட்டுவீர்கள் என்று ஒரு முறைகூட நான் கேட்டதில்லை.

லாரிக்காரரை மட்டும் குற்றம் சொல்லிப் பயனில்லை. கொட்டுவதற்கு ஓர் இடத்தைக் காட்டிவிட்டு, அங்கே போகாதவரைப் பிடித்தால் நியாயம். தமிழ்நாடு அரசு 2014ஆம் ஆண்டிலேயே மலக்கசடு மேலாண்மைக்கு வழிகாட்டு நெறிமுறைகள் வெளியிட்டது. அருகில் உள்ள ஊர்களைத் தொகுப்பாகச் சேர்த்துக்கொண்டு, கசடைச் சுத்திகரிப்பு நிலையத்தில் சேர்க்கச் சொல்கிறது அது. கசடு அள்ளும் லாரிகளுக்கு உரிமம் வேண்டும் என்ற விதியும் வந்துவிட்டது. தொட்டிக்குள் ஆளைப் பாதுகாப்பின்றி இறக்குவது 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். காகிதத்தில் எல்லாம் இருக்கிறது. பதினைந்து உறுப்பினர்கள் கூடும் கூட்டத்தில் விவாதப் பட்டியலில் இதற்கு ஒரு பொருள் எண் விழவில்லை, அவ்வளவுதான்.

'சின்ன ஊர், நம்மால் ஆகுமா?' என்பார்கள். செங்கல்பட்டு மாவட்டத்தில் கருங்குழி என்று ஒரு பேரூராட்சி இருக்கிறது. ஊர் ஒன்றும் பெரிது இல்லை. அங்கே மலக்கசடுச் சுத்திகரிப்பு நிலையம் கட்டி, பக்கத்து மதுராந்தகம் நகராட்சியின் கசடையும் சேர்த்து வாங்குகிறார்கள். பேரூராட்சி நகராட்சிக்குக் கைகொடுக்கிறது, கவனியுங்கள். இதில் வானளாவிய இயந்திரம் எதுவும் இல்லை. லாரி கொட்டுகிற கசடு படுகைகளில் பரவிக் காய்கிறது. வடிகிற நீர் செடி வளர்த்த சரளைப் படுகை வழியே தெளிகிறது. கோவைப் பக்கம் பெரியநாயக்கன்பாளையத்திலும் இப்படி ஒரு நிலையம் உண்டு. எங்கள் தலைவரும் செயல் அலுவலரும் ஒரு நாள் கருங்குழிக்குப் போய் வந்தால் என்ன? வேன் வாடகைக்கு நானே ஒரு பங்கு தருகிறேன்.

பணம் எங்கே என்ற கேள்விக்கும் வருகிறேன். மத்திய அரசின் 15ஆவது நிதிக்குழு மானியத்தில், எங்களைப் போன்ற ஊர்களுக்கு வந்ததில் 60 விழுக்காட்டைக் குடிநீருக்கும் சுகாதாரத்துக்குமே செலவிட வேண்டும் என்பது விதியாக இருந்தது. ஐந்தாண்டுகளாக அந்தப் பணம் வந்தது. சுகாதாரம் என்ற தலைப்பில் குப்பை வண்டியும் தொட்டியும் வாங்கினார்கள். வேண்டாம் என்று சொல்லவில்லை. சொத்து வரியும் ஏறித்தான் இருக்கிறது. 2022இல் 600 சதுர அடிக்குக் குறைவான வீட்டுக்கே கால் பங்கு கூடியது, 1,800 சதுர அடிக்கு மேல் இருமடங்கு. ஊக்கத்தொகை ஐந்து விழுக்காடு கிடைக்கும் என்று ஏப்ரல் மாதமே வரிசையில் நின்று கட்டுகிற ஆள் நான். கட்டுகிறவனுக்குக் கேட்க வாய் உண்டு.

இப்போதைய மன்றத்துக்கு இது கடைசி முழு ஆண்டு. 2016 அக்டோபரில் முந்தைய மன்றத்தின் காலம் முடிந்து, 2022 பிப்ரவரி வரை தேர்தலே இல்லாமல் தனி அலுவலர்களிடம் கிடந்தது ஊர். அதற்குப் பிறகு கிடைத்த மன்றம் இது. கடைசி ஆண்டு என்பதால் கண்ணில் படுகிற வேலையாகத் தேர்ந்தெடுக்கிறார்கள் என்பது புரிகிறது. தோரண வாயிலில் பெயர் பொறிக்கலாம். மலக்கசடுப் படுகையில் தன் பெயரைக் கல்லில் வெட்ட யார் சம்மதிப்பார்?

உத்திரமேரூர்க் கல்வெட்டை மேடையில் சொல்லாத உள்ளாட்சித் தலைவரை நான் பார்த்ததில்லை. குடவோலை வரை சொல்வார்கள். கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் பொறுப்புக்கு வரக் கூடாது என்று அதே கல்வெட்டில் இருப்பதை மட்டும் மறந்துவிடுவார்கள். அந்த விதி இன்று நடப்பில் இருந்தால் எனக்கும் ஆபத்துதான். எங்கள் தலைவர் என் தங்கையின் மருமகள். இதைப் படித்துவிட்டு, 'பெரியப்பா, வீட்டிலேயே சொல்லியிருக்கலாமே' என்று கட்டாயம் கேட்கும். பொங்கலன்றும் சொன்னேன், காதுகுத்தன்றும் சொன்னேன் அம்மா. காபிதான் வந்தது.

ஆகவே அடுத்த கூட்டத்துக்கு நானே ஒரு பொருள் எழுதித் தருகிறேன். அலுவலகத் தமிழ் சரியாக இருக்கிறதா என்று செயல் அலுவலர் பார்த்துக்கொள்ளட்டும்:

"பொருள்: இப்பேரூராட்சிக்குட்பட்ட வீடுகளிலும் கடைகளிலும் செப்டிக் டேங்குகளிலிருந்து லாரிகள் மூலம் அகற்றப்படும் கசடினை எவ்விடத்தில் சேர்ப்பது என்பது மன்றத்தின் முடிவுக்கு வைக்கப்படுகிறது. தற்போது அது ஓடைப் பாலத்தில் சேர்க்கப்பட்டு வரும் விவரமும் மன்றத்தின் பார்வைக்கு வைக்கப்படுகிறது."

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தபால்காரர்
(பெயரும் ஊரும் வேண்டாம், ஐயா. தங்கை வீட்டுக்கு நான் போய்வர வேண்டும்.)