செயலாளரின் ஆண்டறிக்கை: கழிவுநீரும் நம் ஓடையும்

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

இந்த ஆண்டு சங்கத்தின் நேரத்தை அதிகம் தின்றது ஒரே விஷயம்தான்: கழிவுநீர்க் குழாய்க்குள் மழைநீர் புகுவது. அதனால் அதையே முதலில் சொல்லிவிடுகிறேன்.

நம் சுத்திகரிப்பு நிலையத்தில் கழிவைத் தின்று தீர்ப்பவை பாக்டீரியாக்கள். மோட்டார் அவற்றுக்குக் காற்று ஊதிக் கொடுக்கிறது, அவ்வளவுதான். காற்றேற்றும் தொட்டியில் கழிவுநீர் பல மணி நேரம் தங்க வேண்டும். அப்புறம் படிவுத் தொட்டியில் பாக்டீரியாக்கள் அடியில் தங்கி, தெளிந்த நீர் மேலே வழியும். பெருமழையில் மொட்டைமாடித் தண்ணீரும் முற்றத்துத் தண்ணீரும் சேர்ந்து வந்தால், படிவதற்கு நேரமே இருக்காது. பாக்டீரியாக்களே ஓடைக்கு அடித்துக்கொண்டு போய்விடும். அவை பழையபடி பெருகச் சில நாட்கள், சில சமயம் வாரங்கள்கூட ஆகும். "மழையில் கழிவுநீர் நீர்த்துப்போவது நல்லதுதானே?" என்று போன பொதுக்குழுவில் கேட்டவர்களுக்கு இதுதான் பதில்.

எங்கே புகுகிறது என்று கண்டுபிடிக்கப் புகைச் சோதனை செய்தோம். ஆள்நுழைவுக் குழி வழியாகப் புகையை ஊதினால், தவறாக இணைத்த மழைநீர்க் குழாய்களிலும் விரிசல்களிலும் அது வெளியே வரும். முன்கூட்டியே நோட்டீஸ் கொடுத்திருந்தும், வீடு பற்றிக்கொண்டது என்று பதறியவர்கள் உண்டு. புகை வந்த வீடுகளுக்குத் தனித்தனியே கடிதம் போயிருக்கிறது. சிலர் உடனே இணைப்பைத் துண்டித்துவிட்டார்கள், நன்றி. மற்றவர்கள் "பார்க்கலாம்" என்கிறார்கள்.

ஓடை நீரைச் சோதிப்பது தொடர்கிறது. வீட்டுக் கழிவுநீரின் பிஓடி, அதாவது அதிலுள்ள கழிவைத் தின்று தீர்க்கப் பாக்டீரியாக்களுக்குத் தேவைப்படும் ஆக்சிஜனின் அளவு, பொதுவாக லிட்டருக்கு 200 முதல் 300 மில்லிகிராம் வரை இருக்கும். நிலையம் ஒழுங்காக ஓடினால் அது 30-க்குக் கீழே இறங்கும். இந்தச் சோதனைக்கு மட்டும் 5 நாட்கள் ஆகும் என்பதால் அன்றன்றைக்கு முடிவு கேட்டு யாரும் கோபிக்க வேண்டாம். கரைந்த ஆக்சிஜனை உடனே அளந்துவிடலாம். லிட்டருக்கு 5 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் மீன்களுக்கு நல்லது. 2-க்குக் கீழே போனால் பெரும்பாலான மீன்கள் தாங்காது. ஏன் விடியற்காலையிலேயே அளக்கிறீர்கள் என்று தூக்கம் கெட்ட தன்னார்வலர்கள் கேட்டார்கள். பகலில் பாசி ஆக்சிஜனை வெளிவிடும், இரவில் அதுவே உறிஞ்சிக்கொள்ளும். மதியம் அளந்தால் பாசி மூடிய ஓடைகூட நல்ல எண்ணைக் காட்டி நம்மை ஏமாற்றிவிடும். அந்தப் பாசியை வளர்ப்பது கழிவுநீரில் வரும் நைட்ரஜனும் பாஸ்பரஸும். தோட்டத்து உரமும் இதில் சேர்த்தி.

குழாய் இணைப்பு இல்லாத வீடுகளின் செப்டிக் டேங்குகள் தனிக் கவலை. கசடும் மேலே மிதக்கும் ஏடும் சேர்ந்து தொட்டியில் மூன்றில் ஒரு பங்கை எட்டினால் எடுத்துவிட வேண்டும். விட்டால் கசடு உறிஞ்சு குழிக்குப் போய் மண்ணை அடைத்துவிடும். பிறகு கழிவு நேரே ஓடைக்குத்தான் வழியும். "இந்தப் பொடியைப் போட்டால் கசடே எடுக்க வேண்டாம்" என்று விற்க வருபவர்களை நம்பாதீர்கள். எந்தக் காரணத்துக்காகவும் யாரையும் தொட்டிக்குள் இறங்க விடாதீர்கள். உள்ளே உள்ள ஹைட்ரஜன் சல்பைடு அளவு கூடும்போது மூக்கை மரத்துப்போகச் செய்யும். நாற்றம் தெரியவில்லை என்பதற்காக ஆபத்து இல்லை என்று ஆகிவிடாது. லாரி கொண்டு உறிஞ்சி எடுப்பது ஒன்றே வழி.

கரையில் நாணல் நட்டதும் குப்பை அகற்றியதும் வழக்கம்போல் நடந்தன. பம்பில் சிக்கிய ஈரத் துடைப்பான்களைப் பற்றிப் பலமுறை சொல்லியாயிற்று. கரையும் என்று உறையில் போட்டிருந்தாலும் கழிப்பறையில் போடாதீர்கள்.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். அதன் பிறகு இரண்டு தீர்மானங்கள் வாக்குக்கு வருகின்றன: மீதமுள்ள மழைநீர் இணைப்புகளை அடுத்த மழைக்காலத்துக்கு முன் துண்டிப்பது, செப்டிக் டேங்குகளைச் சங்கமே முறைவைத்துச் சுத்தம் செய்ய ஏற்பாடு செய்வது. இரண்டாவதற்குச் சந்தாவைச் சற்று உயர்த்த வேண்டியிருக்கும் என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

செயலாளர்