முதல் வரியில் இருக்க வேண்டிய பெயர்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இருபத்திரண்டு ஆண்டுகளாகத் தங்கள் இதழுக்குச் சந்தா கட்டி வருபவள் நான். 2025 மார்ச் 23ஆம் திகதி அமெரிக்காவின் சன் வேலியில் நடந்த உலகக் கிண்ண சூப்பர்-ஜி (வாயில்களைச் சுற்றி அதிவேகமாக மலையிறங்கும்) பனிச்சறுக்குப் போட்டியில் அமெரிக்க வீராங்கனை லின்ட்சி வொன் இரண்டாம் இடம் பெற்ற செய்தியை இம்மாத இதழில் பதினொரு வரிகளில் வெளியிட்டிருக்கிறீர்கள். இடம் ஒதுக்கியதற்கு நன்றி. ஆனால் அச்செய்தி, "பிரபல கோல்ஃப் வீரரின் முன்னாள் காதலி நாற்பது வயதில் மீண்டும் களத்தில்" என்று தொடங்குகிறது. அந்த வீரரின் பெயர் முதல் வரியிலேயே இருக்கிறது. போட்டியில் இறங்கிய பெண்ணின் பெயரை மூன்றாவது வரி வரை தேட வேண்டியிருக்கிறது. அந்த வீரர் மீது எனக்கு எந்தக் குறையும் இல்லை. ஆனாலும் அவர் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை, ஏனென்றால் இக்கடிதத்திலாவது லின்ட்சி வொன்னைப் பற்றி மட்டும் பேசவேண்டும் என்று விரும்புகிறேன்.

தாங்கள் அறியாத செய்தி எதையும் நான் சொல்லவில்லை. 2019இல் ஓய்வு அறிவித்தபோது அவரிடம் 82 உலகக் கிண்ண வெற்றிகள் இருந்தன. அவற்றில் 43, எல்லாவற்றிலும் வேகமான மலையிறக்கப் பிரிவான டவுன்ஹில்லில் வந்தவை. கனடாவின் லேக் லூயிஸ் மலையில் மாத்திரம் 18. ஒரு பருவத்தின் எல்லாப் பிரிவுப் புள்ளிகளையும் சேர்த்துக் கொடுக்கும் ஒட்டுமொத்தச் சம்பியன் பட்டத்தை நான்கு முறையும், டவுன்ஹில் பட்டத்தை எட்டு முறையும் வென்றவர். 2010இல் விஸ்லர் மலையில் ஒலிம்பிக் டவுன்ஹில் தங்கம் வென்றபோது, அதை வென்ற முதல் அமெரிக்கப் பெண் அவர்தான். அந்தப் போட்டிக்கு முன் அடிபட்டு வீங்கியிருந்த தன் கீழ்க்காலுக்கு ஒஸ்திரியப் பாற்கட்டியை வைத்துக் கட்டியதாக அவரே சொன்னார். இங்கு சுவிற்சர்லாந்தில் கிழவிகள் இன்றும் வீட்டில் செய்யும் வைத்தியம் அது; எங்கள் வைத்தியசாலையிலும் செய்திருக்கிறோம். இவ்வளவும் இருக்க, ஒரு மனிதருடன் சில காலம் பழகியதைத்தானா அவருடைய முகவரியாக எழுதத் தோன்றியது?

இது இன்று தொடங்கிய வழக்கமும் அல்ல. 2015 ஜனவரியில் கோர்ட்டினாவில் தன் 63ஆவது வெற்றியைப் பெற்று, பெண்களில் அதிக வெற்றி பெற்றவர் என்ற இடத்தை அவர் எடுத்தபோது, "பழைய சாதனை முறியடிப்பு" என்று எழுதினீர்கள். அந்தப் பழைய சாதனைக்குச் சொந்தக்காரியின் பெயரை எழுதவில்லை. ஒஸ்திரியாவின் கிளைனார்ல் என்ற சிறு ஊரில் பிறந்து, ஆறு முறை ஒட்டுமொத்தச் சம்பியனாகி, 1976இல் சொந்த நாட்டில் நடந்த ஒலிம்பிக்கில் பங்கேற்காமல் இருந்துவிட்டு, 1980இல் லேக் பிளாசிட்டில் தங்கம் வென்று விடைபெற்ற அன்னமாரி மோசர்-புரோலின் 62 வெற்றிகள் முப்பத்தைந்து ஆண்டுகள் அசையாமல் நின்றன. இரண்டு பெண்களுக்கு இடையே நடந்த ஒரு பெரிய கைமாற்றத்தில் ஒருத்தியின் பெயர் அன்று விடுபட்டது. மற்றவருடைய பெயர் இன்று மூன்றாம் வரிக்குப் போயிருக்கிறது. 2018இல் பியோங்சாங்கில் 33 வயதில் டவுன்ஹில் வெண்கலம் வென்று, அதுவரை ஒலிம்பிக்கில் மலைப் பனிச்சறுக்குப் பதக்கம் பெற்ற பெண்களிலேயே மூத்தவரானபோதும் "தங்கத்தைத் தவறவிட்டார்" என்பதே தங்கள் தலைப்பு. அதற்கும் கடிதம் எழுதினேன். பதில் வரவில்லை. பனித்தரையில் நடனமாடும் பெண்ணின் படத்தை டவுன்ஹில் செய்திக்குப் போட்டதையும் அப்போது குறிப்பிட்டிருந்தேன்.

எனக்கு ஆறாத விடயம் 2013இல் நடந்தது. அவ்வாண்டு பெப்ரவரி 5ஆம் திகதி ஷ்லாட்மிங்கில் உலகச் சம்பியன் போட்டியில் வொன் விழுந்து, வலது முழங்காலின் முன் குறுக்குச் சவ்வும் பக்கச் சவ்வும் கிழிந்து, கீழ்க்கால் எலும்பின் மேற்தட்டும் உடைந்தது. அவர் வென்ற நாட்களில் தபால்தலை அளவில் படம் போட்ட தங்கள் இதழ், அவர் விழுந்த படத்தை அரைப் பக்கத்துக்குப் போட்டது. என் மகளுக்கு அப்போது பன்னிரண்டு வயது. பாடசாலையின் பனிச்சறுக்கு முகாமுக்குச் செல்ல இன்னும் மூன்று வாரங்கள் இருந்தன. காலணி அளவு கூடக் கொடுத்தாயிற்று. என் கணவரின் தமையனார் தங்கள் இதழைக் கொண்டுவந்து எங்கள் சாப்பாட்டு மேசையில் விரித்து வைத்து, "பொம்பிளைப் பிள்ளையின்ரை கால் போனால் ஆர் பொறுப்பு?" என்று கேட்டார். அன்று அவருக்குச் சொல்ல என்னிடம் பதில் இருக்கவில்லை. மகள் முகாமுக்குப் போகவில்லை; முகாம் நடந்த வாரம் முழுவதும் வேறொரு வகுப்பின் பின்வரிசை வாங்கில் இருந்து படம் கீறிவிட்டு வந்தாள். சனிக்கிழமை முகாமிலிருந்து திரும்பிய மற்றப் பிள்ளைகளின் முகங்களில் வெயில் பட்டுக் கறுத்து, கண்ணாடி போட்ட இடம் மட்டும் வெளுத்திருந்தது. அந்த முகங்களை அவள் பார்த்துக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன்.

அந்தப் படத்துக்குப் பின்னால் நடந்ததை எழுதியிருந்தால் எனக்குப் பதில் கிடைத்திருக்கும். அதே முழங்கால் அவ்வாண்டு நவம்பரில் மீண்டும் பழுதாகி, சோச்சி ஒலிம்பிக்கையே இழந்த அவர், 2014 டிசம்பரில் லேக் லூயிசில் மறுபடி வென்றார். 2016இல் பயிற்சியில் வலது மேற்கை உடைந்து, நரம்பு பாதிக்கப்பட்டுக் கைவிரல்கள் சொற்கேளாமல் போன பிறகும், இரண்டே மாதங்களில் திரும்பி வந்து கார்மிஷ் டவுன்ஹில்லை வென்றார். இவை எவையும் தங்கள் இதழில் வரவில்லை.

பதினேழு ஆண்டுகளாக மலையடிவார வைத்தியசாலை ஒன்றின் எலும்பு மூட்டுப் பிரிவில் பராமரிப்பு உதவியாளராக வேலை செய்கிறேன். குளிர்காலம் முழுவதும் எங்களிடம் வருபவை முழங்கால்கள்தான். சத்திரசிகிச்சைக்கு மறுநாள் காலை ஓர் இயந்திரத்தில் வைத்து மெல்ல மெல்ல மடக்குவோம். முப்பது பாகையைத் தாண்டும்போது, நல்ல திடகாத்திரமான ஆண்கள் கட்டிலின் இரும்பு விளிம்பைப் பிடிக்கும் பிடியில் விரல் மூட்டுகள் வெளுத்துப்போகும். அப்படியான நாட்களைப் பலமுறை கடந்த ஒரு பெண், 2024 ஏப்ரலில் அதே வலது முழங்காலில் ஒரு பகுதியை எடுத்துவிட்டுச் செயற்கை மூட்டு வைத்துக்கொண்டு, எட்டு மாதங்களில் உலகக் கிண்ணப் போட்டிக்கு வந்தார் என்றால் அதன் பொருள் என்ன என்பது எனக்குத் தெரியும்.

அன்றைக்கு, 2024 டிசம்பர் 21இல், சென் மோரிட்ஸில் வலையோரம் நான் நின்றிருந்தேன். தொலைக்காட்சியில் அந்தச் சத்தம் கேட்பதில்லை. இறுகிய பனியில் சறுக்குப் பலகையின் விளிம்பு உரசும்போது தகரத்தைக் கீறுவது போன்ற ஓசை முதலில் மேலேயிருந்து வரும். தலையை நிமிர்த்துவதற்குள் ஆள் கடந்து போயிருப்பார். உடுப்பு காற்றில் படபடத்த ஒலி மட்டும் பின்னால் வந்து சேரும். அவர் 14ஆவதாக முடித்தார். என்னைச் சுற்றி நின்ற சுவிஸ்காரர்கள், தங்கள் நாட்டு வீராங்கனைக்குத் தட்டியதைப் போலவே அவருக்கும் கைதட்டினார்கள். மூன்று மாதங்களின் பின் சன் வேலியில் அவருக்கு முன்னால் இருந்தவர் எங்கள் சுவிஸ் வீராங்கனை லாரா குட்-பெஹ்ராமி ஒருவர்தான். அதுவரை உலகக் கிண்ண மேடை ஏறிய பெண்களில் மிக மூத்தவருக்கு 34 வயது; வொன்னுக்கு 40. செய்தி அதுவாகத்தான் இருந்திருக்க வேண்டும்.

அடுத்த இதழில் நான்கு வரித் திருத்தம் ஒன்றைப் போடும்படி தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன். அதன் முதற்சொல் அவருடைய பெயராக இருக்கட்டும். இடம் இருந்தால், சன் வேலி மேடையில் அவர் நிற்கும் படத்தையும், விழுந்த படத்துக்குக் கொடுத்த அதே அளவில் வெளியிடுங்கள். என் கணவரின் தமையனார் இன்றும் தங்கள் இதழைத்தான் வாசிக்கிறார்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
கிராபுண்டன் மாநிலம், சுவிற்சர்லாந்து