பனியா, புகையா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். காலையில் எதிரே வருவது தெரியவில்லை என்றால் போதும், நம் செய்திகளில் அது 'பனிமூட்டம்' ஆகிவிடுகிறது. ஈரப்பனிக்கும் அதே சொல், குப்பை எரிந்த புகைக்கும் அதே சொல், காற்றில் தங்கிப்போன தூசிக்கும் அதே சொல். உங்கள் இதழிலும் இப்படி அடிக்கடி வருகிறது. தயவுசெய்து இதை மாற்றுங்கள் என்று கேட்கத்தான் இந்தக் கடிதம்.

மூட்டம் என்ற சொல்லில் குறை ஒன்றுமில்லை. மூடுவதால் மூட்டம், எது மூடுகிறது என்பதை அது சொல்லாது. அதனால்தான் மேகமூட்டம், பனிமூட்டம், புகைமூட்டம் என்று முன்னால் ஒன்றைச் சேர்க்கிறோம். செய்தியே அந்த முன்சொல்லில்தான் இருக்கிறது. வானம் கவிந்து வெயில் இல்லாமல் கிடந்தால் 'மப்பும் மந்தாரமுமா இருக்கு' என்பார்கள் பெரியவர்கள். (மந்தாரம் எவ்வளவு அழகான சொல்! வானிலைச் செய்தியில் அதைப் பார்ப்பதே அரிதாகிவிட்டது.) தரையில் இறங்கி நிற்கும் மூடுபனியை யாரும் மந்தாரம் என்று சொன்னதில்லை.

மூடுபனி என்பது நுண்ணிய நீர்த்துளிகள். பார்வை எட்டும் தூரம் 1,000 மீட்டருக்குக் கீழே போனால்தான் வானிலைத் துறையினர் அதை மூடுபனி என்கிறார்கள். அதற்கு மேல் என்றால் லேசான பனிதான். வெயில் ஏறினால் பெரும்பாலும் கலைந்துவிடும். புகைமூட்டம் வேறு ஜாதி. அது உலர்ந்த துகள். மூக்குக்கண்ணாடியில் ஈரம் படியாது, ஆனால் கண் எரியும், தொண்டை கரகரக்கும். இருண்ட மலைக்கு முன்னால் நீலம் பாரித்துத் தெரியும். வெளிச்சமான அடிவானத்தில் மஞ்சளடித்துத் தெரியும். காற்று வீச வேண்டும், இல்லை மழை பெய்ய வேண்டும், அப்போதுதான் போகும். அதிலுள்ள 2.5 மைக்ரானுக்கும் சிறிய துகள்கள் நுரையீரலின் அடிவரை இறங்கக்கூடியவை. அவை ஒரு நாள் சராசரியாகக் கனமீட்டருக்கு 15 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2021இல் வரையறுத்தது.

ஆஸ்துமா உள்ள ஒருவர் 'பனிமூட்டம்' என்று படித்தால் மப்ளரைச் சுற்றிக்கொண்டு நடக்கக் கிளம்பிவிடுவார். 'புகைமூட்டம்' என்று படித்தால் சன்னலைச் சாத்திவிட்டு உள்ளேயே இருப்பார். ஒரு சொல்லுக்காக இவ்வளவு மல்லுக்கட்டுவது இதனால்தான்.

1952 டிசம்பர் 5 முதல் 9 வரை லண்டனை மூடியது வெறும் பனி அல்ல, நிலக்கரிப் புகை கலந்த பனி. மூடுபனிக்குப் பழகிய ஊர் என்பதால் அதன் கொடுமை உடனே பலருக்கு உறைக்கவில்லை. சுமார் 4,000 பேர் இறந்ததாக முதலில் கணக்கிட்டார்கள். பின்னர் வந்த ஆய்வுகள் 12,000 வரை இருக்கலாம் என்றன. 1956இல் தூய காற்றுச் சட்டம் வந்தது அதற்குப் பிறகுதான். இப்படி இரண்டும் கலந்து வந்தால் எழுத நம்மிடம் 'புகைப்பனி' இருக்கிறது.

சரி, அவசரச் செய்தியில் எது என்று உறுதியாகத் தெரியாவிட்டால்? வெறும் 'மூட்டம்' என்று போடுங்கள். பார்வை எத்தனை மீட்டர் வரை எட்டியது என்பதையும், கிடைத்தால் காற்றின் தர அளவையும் பக்கத்திலேயே சேர்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகர்