அரசு மாறிவிட்டது, திரும்பி வரலாமா என்று கேட்ட மகளுக்கு

இல்ஃபோர்ட்,
18.08.2024

அன்புள்ள மகளுக்கு,

இங்கே பிரித்தானியாவில் தொழிற்கட்சி இவ்வளவு பெரிய வெற்றி பெற்றிருக்கிறதே, வைத்தியசாலைகள் இனிச் சீராகுமா, மெல்பேர்னை விட்டுத் திரும்பி வரலாமா என்று சென்ற கிழமை தொலைபேசியில் கேட்டாய். அம்மா பக்கத்தில் இருந்து "வா, வா" என்று சொல்லிக்கொண்டிருந்ததால் நான் ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை. ஐந்து நிமிடப் பேச்சில் சொல்லி முடிக்கக்கூடிய விடயமும் அல்ல என்பதால் ஆறுதலாக எழுதுகிறேன்.

முதலில் அந்த வெற்றியின் அளவைப் பார். ஜூலை 4ஆம் திகதி நடந்த தேர்தலில் 650 ஆசனங்களில் 411 தொழிற்கட்சிக்குக் கிடைத்தன. பழமைவாதக் கட்சி 121 ஆசனங்களோடு நின்றுவிட்டது. தன் நீண்ட வரலாற்றில் அந்தக் கட்சி இவ்வளவு கீழே போனதில்லை. ஆனால் வாக்குகளை எண்ணிப் பார்த்தால் கதை வேறு. அளிக்கப்பட்ட வாக்குகளில் தொழிற்கட்சி பெற்றது 33.7 விழுக்காடு மட்டுமே. தனிப் பெரும்பான்மை பெற்ற எந்தக் கட்சியும் இந்த நாட்டில் இவ்வளவு குறைந்த பங்கோடு ஆட்சி அமைத்ததில்லை. ஜெரமி கோர்பின் தலைமையில் 2019இல் படுதோல்வி அடைந்தபோது அதே கட்சி ஒரு கோடியே இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட வாக்குகளைப் பெற்றது. இப்போது பிரதமராகியிருக்கும் கியர் ஸ்டார்மர் வென்றிருப்பது ஏறக்குறைய 97 இலட்சம் வாக்குகளால். வாக்காளர்களில் நூற்றுக்கு நாற்பது பேர் வாக்குச்சாவடிப் பக்கமே போகவில்லை. ஆகவே, வாக்குரிமை உள்ள ஐந்து பேரில் ஒருவர்தான் இந்த அரசை விரும்பிக் கேட்டவர். தொகுதியில் முந்தியவர் எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளும் இந்தத் தேர்தல் முறை மற்ற நான்கு பேரையும் கண்ணுக்குத் தெரியாமல் மறைத்துவிடுகிறது. குடியேற்றத்தை எதிர்க்கும் நைஜல் ஃபராஜின் ரிஃபோர்ம் கட்சி 41 இலட்சம் வாக்குகளுக்கு ஐந்து ஆசனங்களையும், லிபரல் ஜனநாயகக் கட்சி 35 இலட்சம் வாக்குகளுக்கு 72 ஆசனங்களையும் பெற்றன என்றால், இந்தக் கணக்கின் விசித்திரம் உனக்கு விளங்கும்.

எங்கள் தொகுதியையே எடுத்துக்கொள். இன்று நாட்டின் சுகாதார அமைச்சராக இருக்கும் வெஸ் ஸ்ட்ரீட்டிங் இல்ஃபோர்ட் வடக்கில் 528 வாக்குகளால்தான் தப்பினார். அவரை எதிர்த்து நின்றவர் லியான் முகமது என்ற, பலஸ்தீனக் குடும்பத்தில் வந்த இளம் சுயேச்சை வேட்பாளர். காஸா விடயத்தில் கட்சி எடுத்த நிலைப்பாடு முஸ்லிம் வாக்காளர்களை மட்டும் அல்ல, எங்கள் ஆட்களிலும் பலரைப் புண்படுத்தியிருந்தது. முள்ளிவாய்க்காலை நினைவில் வைத்திருப்பவர்கள் குண்டு விழும் வைத்தியசாலைகளைத் தொலைக்காட்சியில் பார்த்துவிட்டு எப்படிச் சும்மா இருப்பார்கள்? நான் தொழிற்கட்சிக்கே வாக்களித்தேன், ஆனால் மனமுவந்து அல்ல. அம்மா யாருக்கு வாக்களித்தாள் என்று கேட்டேன், சொல்ல மறுத்துவிட்டாள்.

மக்கள் இந்தமுறை ஒருவரை வரவழைக்க அல்ல, ஒருவரை அனுப்பிவைக்கவே வாக்களித்தார்கள். பதினான்கு ஆண்டுகளில் ஐந்து பிரதமர்கள். ஊரடங்குக் காலத்தில் சாகக் கிடந்த உறவினரைப் பார்க்க முடியாமல் சனம் வீட்டுக்குள் இருக்க, டவுனிங் வீதியில் உள்ள பிரதமர் இல்லத்தில் விருந்து நடந்தது. அந்த ஐவரில் ஒருவரான லிஸ் ட்ரஸ் 49 நாட்களே பதவியில் இருந்தார். அவருடைய 2022 செப்டெம்பர் வரிக்குறைப்பு அறிவிப்பு வட்டி வீதத்தை உலுக்கிவிட்டது. அந்த மாதங்களில் வீட்டுக்கடனைப் புதுப்பித்த உன் மைத்துனன் இன்றைக்கும் அந்தப் பெயரைச் சொன்னால் எழுந்து போய்விடுகிறான். அவர் தன் தொகுதியிலேயே தோற்றார் என்று கேட்டு அவனைப்போல் எத்தனை பேர் மகிழ்ந்தார்களோ!

நம்பிக்கை தரும் காரியங்கள் நடக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். றுவாண்டாவுக்கு அகதிகளை அனுப்பும் திட்டத்தை ஸ்டார்மர் பதவியேற்ற உடனேயே கைவிட்டார். பல நூறு மில்லியன் பவுண்களை விழுங்கி, நாலு பேர் தாமாக விரும்பிப் போனதைத் தவிர வேறெதையும் தராத அந்த வெட்கக்கேடு முடிந்தது நல்லது. றேச்சல் ரீவ்ஸ் நிதியமைச்சரானதன் மூலம் அந்தப் பதவிக்கு முதன்முதலாக ஒரு பெண் வந்திருக்கிறார். பக்கத்து ஸ்ட்ராட்ஃபோர்ட் அண்ட் போ தொகுதியில் இலங்கைத் தமிழ்ப் பெற்றோரின் மகளான உமா குமரன் வென்று பாராளுமன்றம் போயிருக்கிறார். கோயிலில் அன்று வேறு பேச்சே இல்லை. உன்னோடு நேரடியாகத் தொடர்புள்ளது இளநிலை வைத்தியர்களின் சம்பள விவகாரம். 2023 மார்ச்சில் தொடங்கிய வேலைநிறுத்தத்தில் நீயும் பதாகை பிடித்து நின்றாய். ஒன்றும் நடக்கவில்லை என்ற வெறுப்பில்தான் விமானம் ஏறினாய். பழைய அரசு பதினைந்து மாதங்களாக இழுத்தடித்ததைப் புதியவர்கள் ஒரு மாதத்துக்குள் பேசி, இரண்டு ஆண்டுகளுக்குமாகச் சராசரி 22.3 விழுக்காடு உயர்வு என்ற இடத்துக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். நீங்கள் கேட்ட 35 அல்ல. ஆனாலும் எதிரில் உட்கார்ந்து பேச ஆள் இருக்கிறது என்பதே பெரிய மாற்றம். மருத்துவச் சங்கத்து உறுப்பினர்கள் இனித்தான் வாக்களித்து முடிவு சொல்ல வேண்டும்.

சுகாதார சேவை உடைந்துபோயிருக்கிறது என்று ஸ்ட்ரீட்டிங் பதவியேற்ற அன்றே வெளிப்படையாகச் சொன்னார். இங்கிலாந்தில் 76 இலட்சம் சிகிச்சைகள் காத்திருப்புப் பட்டியலில் நிற்கின்றன. அம்மாவின் முழங்கால் சத்திரசிகிச்சையும் அதில் ஒன்று. ஒருமுறை திகதி தந்து, முதல்நாள் மாலை தொலைபேசியில் நிறுத்திவிட்டார்கள். அதற்குப் பிறகு கடிதம் வரவில்லை. கிழமைக்கு நாற்பதாயிரம் சந்திப்புகளை அதிகமாகத் தருவோம், பதினெட்டு வாரத்துக்குள் சிகிச்சை என்ற பழைய விதியை ஐந்து ஆண்டுகளில் மீட்டெடுப்போம் என்பது அவர்களின் வாக்குறுதி. கிழமைக்கு நாற்பதாயிரம் என்றால் ஆண்டுக்கு இருபது இலட்சத்துக்குச் சற்று மேல். பட்டியலில் புதிதாகச் சேருகிறவர்களையும் கணக்கில் எடுத்தால், அது மட்டும் போதாது என்பது உனக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

இங்கேதான் 1997 எனக்கு நினைவுக்கு வருகிறது. உனக்கு அப்போது இரண்டு வயது. ரொனி பிளேயர் 418 ஆசனங்களோடு வென்றபோது அவருக்குப் பின்னால் 43 விழுக்காடு வாக்குகள் இருந்தன. தெருவில் முன்பின் தெரியாதவர்கள்கூடச் சிரித்தார்கள். ஆனாலும் முதல் இரண்டு ஆண்டுகள் அவருடைய நிதியமைச்சர் கோர்டன் பிரவுண் பழைய அரசின் செலவு வரம்பையே கடைப்பிடித்தார், வைத்தியசாலைகளில் பெரிய மாற்றம் எதுவும் தெரியவில்லை. 2002ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில், சுகாதார சேவைக்காகவே என்று சொல்லி, சம்பளத்திலிருந்து பிடிக்கப்படும் தேசிய காப்புறுதிப் பங்களிப்பை ஒரு விழுக்காடு உயர்த்திய பிறகுதான் காத்திருக்கும் காலம் மளமளவென்று குறையத் தொடங்கியது. பொறுமைக்குப் பலன் கிடைத்தது உண்மை. ஆனால் அது வெறும் பொறுமையால் வந்தது அல்ல, வரியால் வந்தது. இன்றைய அரசோ வருமான வரியையும், தேசிய காப்புறுதியையும், வற் வரியையும் உயர்த்த மாட்டோம் என்று வாக்குக் கேட்கும்போதே சொல்லி, திறைசேரிக்குப் பெரும்பகுதி வருமானத்தைத் தரும் மூன்று வழிகளையும் தானாகவே அடைத்துவிட்டது. அன்று நாட்டின் கடன் மொத்த உற்பத்தியில் பாதியைக்கூட எட்டவில்லை. இன்று அது நூறு விழுக்காட்டை நெருங்கி நிற்கிறது. உள்ளூராட்சிக் கவுன்சிலில் கணக்குப் பார்த்தவன் என்ற முறையில் நான் வேறு ஒன்றையும் கவனிக்கிறேன். பேர்மிங்காம் போன்ற மாபெரும் நகரசபையே சென்ற ஆண்டு, தேவையானவை தவிர வேறெதற்கும் செலவு செய்ய முடியாது என்று கைவிரித்துவிட்டது. முதியோர் பராமரிப்பு கவுன்சில்களின் பொறுப்பு. அது விழுந்தால், வீட்டுக்குப் போக வேண்டிய முதியவர்கள் வைத்தியசாலைக் கட்டிலிலேயே கிடப்பார்கள். கட்டில் இல்லாவிட்டால் சத்திரசிகிச்சையும் இல்லை. இதைப் பற்றி அரசு இன்னும் உருப்படியாக ஒன்றும் சொல்லவில்லை.

பிறகு ஜூலை 29ஆம் திகதி வந்தது. 22 பில்லியன் பவுண் துண்டு விழுகிறது, பழைய அரசு மறைத்துவிட்டுப் போயிருக்கிறது என்று ரீவ்ஸ் அம்மையார் பாராளுமன்றத்தில் அறிவித்தார். மறைக்கப்பட்டதும் இருந்திருக்கலாம். ஆனால் இரண்டு கட்சிகளும் செலவுக் கணக்கைப் பற்றி வாய் திறக்கவில்லை என்று நிதிக் கற்கை நிறுவனம் தேர்தலுக்கு முன்பே எச்சரித்திருந்தது. அந்த 22 பில்லியனில் ஏறக்குறைய 9 பில்லியன் பொதுத்துறைச் சம்பள உயர்வுக்காக அவர்களே எடுத்த முடிவால் வந்தது. சம்பள உயர்வைக் குறை சொல்லவில்லை, உன் தோழர்களுக்குக் கிடைப்பதும் அதில் அடங்கும். திடீரென்று கண்டுபிடித்தது போன்ற அந்தப் பாவனைதான் எனக்குப் பிடிக்கவில்லை.

அன்றைக்கே முதியவர்களுக்கான குளிர்கால எரிபொருள் கொடுப்பனவை வெட்டினார்கள். 200 அல்லது 300 பவுண். 1997இல் இதே கட்சி தொடங்கிவைத்தது. இனிமேல் வருமானம் குறைந்த முதியவர்களுக்கான பென்ஷன் கிரெடிட் போன்ற உதவி பெறுபவர்களுக்கு மட்டும்தான் கிடைக்கும்; ஏறக்குறைய ஒரு கோடி முதியவர்கள் இழக்கிறார்கள். எனக்கும் அம்மாவுக்கும் அது நின்றால் நாங்கள் குளிரில் வாட மாட்டோம். கோடீஸ்வரர்களுக்கும் அந்தப் பணம் போய்க்கொண்டிருந்தது என்பதும் உண்மைதான். ஆனால் தனியாக வாழும் ஒருவருக்குக் கிழமைக்கு 218 பவுண் 15 பென்ஸ் என்ற வருமான எல்லைக்கு இரண்டு பவுண் மேலே இருக்கும் கிழவிக்கு என்ன பதில்? அந்த எல்லைக்குக் கீழே இருந்தும் விண்ணப்பிக்காதவர்கள் இலட்சக்கணக்கில் இருக்கிறார்கள். படிவம் விளங்காததாலும், அரசிடம் கையேந்துவதா என்ற கூச்சத்தாலும் ஒதுங்கி நிற்கும் எங்கள் முதியவர்கள் பலரை எனக்கே தெரியும். சனிக்கிழமைகளில் கோயில் மண்டபத்தில் இருந்து அவர்களுக்குப் படிவம் நிரப்பிக் கொடுக்கலாம் என்று இரண்டு நண்பர்களோடு பேசியிருக்கிறேன்.

அதற்கு முந்திய கிழமை, மூன்றாவது பிள்ளைக்கு உதவி இல்லை என்ற 2017ஆம் ஆண்டு விதியை நீக்கச் சொல்லி வாக்களித்த சொந்தக் கட்சி உறுப்பினர்கள் ஏழு பேரைக் கட்சிக் குழுவிலிருந்து இடைநிறுத்தினார்கள். சிக்கனம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எதை முதலில் தொடுகிறார்கள் என்ற வரிசையைத்தான் பார்க்கிறேன்; முதல் மாதத்திலேயே கை முதியவர் பக்கமும் பிள்ளைகள் பக்கமும் போயிருக்கிறது.

இம்மாதத் தொடக்கத்தில் நடந்த கலவரங்களை நீ அங்கிருந்தே பார்த்திருப்பாய். சவுத்போர்ட்டில் மூன்று சிறுமிகள் கொல்லப்பட்ட கொடுமையை, படகில் வந்த அகதி செய்ததாகப் பொய் பரப்பி, றொதரமில் அகதிகள் தங்கியிருந்த விடுதிக்கே தீ வைக்கப் பார்த்தார்கள். குற்றம் சாட்டப்பட்டவர் கார்டிஃபில் பிறந்தவர். ஸ்டார்மர் முன்பு அரச வழக்குத் தொடுநராக இருந்தவர். 2011 கலவரத்தின்போது செய்தது போல நீதிமன்றங்களை விரைவாக இயங்க வைத்தார். ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் கைதாகிவிட்டனர், தண்டனைகளும் கிழமைக்கணக்கிலேயே வந்துவிட்டன. இந்த விடயத்தில் அவருக்கு நான் முழு மதிப்பெண் கொடுப்பேன். ஏழாம் திகதி இரவு பக்கத்து வோல்தம்ஸ்டோவில் ஆயிரக்கணக்கானோர் தெருவில் நின்று இனவாதிகளை வரவிடாமல் செய்தது அரசின் சாதனை அல்ல, ஊர்ச் சனத்தின் சாதனை. ஆனால் ரிஃபோர்ம் கட்சிக்கு வாக்களித்த 41 இலட்சம் பேரின் கசப்பு சிறைக்கூடத்தால் தீராது. இந்து சமுத்திரத்தில் பிரித்தானியாவின் பிடியில் உள்ள டியேகோ கார்சியாத் தீவில் 2021 முதல் சிக்கிக் கிடக்கும் எங்கள் தமிழ் அகதிகளை இந்த அரசு என்ன செய்கிறது என்பதையும் நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அதிலிருந்து இவர்களின் மனம் கொஞ்சம் தெரியும்.

இனி உன் கேள்விக்கு வருகிறேன். ஓர் அரசை நம்பி நீ திரும்பி வர வேண்டாம். அம்மாவுக்கு முழங்கால் வலிக்கிறது என்பதற்காகவும் வர வேண்டாம். அவள் அதைத் தொலைபேசியில் சற்று மிகைப்படுத்துகிறாள். மேற்படிப்புப் பயிற்சிக்குப் போட்டி எவ்வளவு கடுமையாகிவிட்டது என்று நீயே சொன்னாய். சம்பளம் உயர்ந்தாலும் இடங்கள் கூடாவிட்டால் உன்னைப் போன்றவர்கள் வந்து எங்கே நிற்பது? அந்த இடங்களைப் பற்றி அரசு என்ன சொல்கிறது என்று பார். சத்திரசிகிச்சை நிபுணரான டார்சி பிரபுவிடம் சுகாதார சேவையைப் பற்றிய விசாரணை அறிக்கையைக் கேட்டிருக்கிறார்கள், ஒக்டோபர் 30ஆம் திகதி வரவு செலவுத் திட்டம் வருகிறது. அதில் வைத்தியசாலைக் கட்டடங்களுக்கும் கருவிகளுக்கும் தனியாகப் பணம் ஒதுக்குகிறார்களா, அந்தப் பணத்தை யாரிடமிருந்து எடுக்கிறார்கள் என்ற இரண்டையும் மட்டும் நான் தேடிப் படிப்பேன்.

பயிற்சி விண்ணப்பங்களும் ஏறக்குறைய அதே காலத்தில்தான் திறக்கும் என்றாய். விண்ணப்பத்தைப் போட்டுவை, இடம் கிடைத்தால் ஏற்பதா விடுவதா என்று பிறகு முடிவு செய்யலாம், அதற்குள் அரசின் போக்கும் கொஞ்சம் தெளிந்துவிடும். ஜெனரல் மெடிக்கல் கவுன்சிலில் இருந்து உன் பெயருக்கு ஒரு கடிதம் இங்கே வந்திருக்கிறது. பதிவுக் கட்டணம் பற்றியதாக இருக்கலாம். பிரித்துப் படம் எடுத்து அனுப்பவா என்று சொல்.

அன்புடன்,
அப்பா